காசீம் நானாவைப் பேசவிடாத பொங்கல்

பிள்ளையோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எந்த ஊசி எதற்கு, எந்த மருந்து பிள்ளையை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு போனால் பயம் கொஞ்சம் குறையும். எனக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. ஆனால் எங்கே தொடங்கினாலும் பேனை ஒரு தைப்பொங்கல் காலையில் போய் நின்றுவிடுகிறது. அந்தக் காலையை ஒளித்துவைத்து மருந்துகளை மட்டும் சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகும். ஏற்கெனவே நான் சொன்ன பொய்கள் போதும்.

மகள் இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வாசிக்கிற தாய்மார் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகிறாள், தலைமயிர் அடர்ந்து இடுப்பில் கிடக்கிறது, என்னோடு சண்டை பிடிக்கிறாள். டாக்டர் மட்டும் இன்னும் "குணம்" என்று சொல்லவில்லை. "அடங்கியிருக்கு" என்கிறார். அந்த ஒரு சொல்லுக்குள் நாங்கள் மூன்று பேரும் குடியிருக்கிறோம், கூரை ஒழுகுமோ என்று அண்ணாந்து பார்த்தபடி.

அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது தொடங்கியது. வதனி என்று பெயர். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்குக் கொடுத்த குவாட்டஸில் இருந்தோம். கணவர் சிவராசா கப்பலிலிருந்து மூட்டை தூக்கி இறக்கும் விஞ்ச் இயந்திரத்தை இயக்கினார். மழை தொடங்க முந்திய அந்த மாதங்களில் வதனி சோர்ந்து சோர்ந்து படுத்தாள். படிக்கச் சொன்னால் படுப்பாள், விளையாடச் சொன்னாலும் படுப்பாள். சோம்பல் என்று நினைத்து ஏசினேன். ஒருநாள் வகுப்பு ரீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளைக்கு அடிக்கிறனீங்களோ?"

"இல்லை ரீச்சர். ஏன்?"

"அப்ப இதென்ன?"

அவளின் பாவாடையைச் சற்றே உயர்த்திக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே நீலமும் கறுப்புமாகக் கண்டல்கள், நாவல் மரத்தடியில் பழம் நசிந்த நிலம்போல. என் பிள்ளையின் கால்களை ரீச்சர் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. நோயின் பெயர் தெரிய முதலே வெட்கம் வந்துவிட்டது. நோய் அடங்கிய பிறகும் அடங்காமல் இருப்பதும் அதுதான்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றின் இடப்பக்கத்தை அமத்திப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். அன்றைய ரயிலிலேயே கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

"என்ன வருத்தம் ஐயா?"

"இரத்தத்தில பிழை இருக்கம்மா. என்ன பிழை எண்டு அங்கதான் சொல்லுவினம்."

ரயில் முழுக்க வதனி நித்திரை. அவள் கால்களை மடியில் வைத்து ஒவ்வொரு கண்டலாகத் தடவிக்கொண்டு போனேன்.

கொழும்பில் பெயரைச் சொன்னார்கள். இரத்தப் புற்றுநோய். டாக்டர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். ஒரு துண்டுக் கடதாசியில் எலும்பைக் கீறி விளங்கப்படுத்தினார். கற்றாழைக்குள் சோறு இருப்பதுபோல எலும்புக்குள் மெத்தென்று ஒன்று இருக்கிறது. இரத்தம் அங்கேதான் உண்டாகிறது. அங்கே வெள்ளை அணுக்கள் முற்றாமலே பெருகிப் பெருகி, மற்றவற்றுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. சிவப்பு அணு குறைந்ததால் சோர்வு. இரத்தத்தை உறையவைக்கும் துகள்கள் குறைந்ததால் தொட்ட இடமெல்லாம் கண்டல். "அம்மா அடிச்சதால இல்லை," என்றார் கடைசியில். நான் அதைக் கேட்கவேயில்லை. எல்லாத் தாய்மாரும் அந்தக் கேள்வியோடுதான் அந்தக் கதிரையில் இருப்பார்கள்போலும்.

எலும்புக்குள் இருப்பதைப் பார்க்க, இடுப்பெலும்பில் தடித்த ஊசி ஏற்றி உறிஞ்சுவார்கள். விறைக்கிற மருந்து போட்டாலும் உறிஞ்சும் அந்தக் கணம் நோகும். நோகாது என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். கொஞ்சம் நோகும், கெதியாக முடியும் என்று சொல்லுங்கள். இன்னொரு ஊசி முதுகுத்தண்டில். நோய் மூளைப்பக்கம் போய் ஒளித்துக்கொள்ளுமாம். இரத்தத்தில் ஏற்றும் மருந்து அங்கே எட்டாதாம். பிள்ளை முழங்காலை நாடியோடு சேர்த்து இறால்போலச் சுருண்டு, அசையாமல் கிடக்க வேண்டும். யாராவது முன்னால் நின்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். கிழமைக்கொரு தரம் கையில் ஏற்றுகிற மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது என்று நேர்ஸ் சொன்னாள். எங்கள் பக்கத்தில் அது சுடலையோரம் தானாகப் பூத்துக் கிடக்கும்; பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டார்கள். அந்தப் பூ என் பிள்ளையின் கைக்குள்ளே இறங்கியது, துளி துளியாக.

பக்கத்துக் கட்டில் சுமனாவின் மகனுடையது. சுமனா குருநாகல் பக்கத்துக்காரி. அவளுக்குத் தமிழ் வராது, என்னிடம் இருந்தது கடைச் சிங்களம். ஆஸ்பத்திரிக்கு முன்னால், றோட்டுக்கு அந்தப் பக்கத்தில், இரண்டு பேருமாக ஒரு சின்ன அறை எடுத்து ஒரே அடுப்பில் மாறி மாறிச் சமைத்தோம். ஒருத்தி சமைக்கும்போது மற்றவள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். வாங்குப் பலகையில் வரிசையில் இருக்கும்போது ஒருத்தியின் இடத்தில் மற்றவளின் கைப்பை இருக்கும்.

தீபாவளி வார்ட்டில் வந்தது. விடிய எண்ணெய் வைத்து முழுகாமல் என்ன தீபாவளி? வதனியைக் கட்டிலில் இருத்தி, போத்திலில் கொண்டுபோன நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்தேன். சுமனா வெந்நீர் வைத்து வாளியில் தூக்கிக்கொண்டு வந்தாள். தேய்க்கத் தேய்க்க விரலிடுக்கில் ஏதோ சிக்கியது. கையை எடுத்தேன். எண்ணெயோடு மயிர், கொத்தாக. மறுபடி தொட்டேன், மறுபடி கொத்து. மருந்து மயிரைக் கொட்டும் என்று சொல்லித்தான் இருந்தார்கள். விட்டிருந்தால் தலையணையில் ஒவ்வொன்றாகக் கொட்டியிருக்கும். திருநாள் கொண்டாடப் போய் நான் என் கையாலேயே உரித்தேன்.

"என்னம்மா, நிப்பாட்டிட்டீங்கள்?"

"ஒண்டுமில்லை."

அவள் கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தாள். 

"அப்ப இண்டைக்குச் செத்தது நரகாசுரன் இல்லை, என்ர பின்னல்தான்," என்றாள்.

சுமனா விளங்காமலே சிரித்தாள். நானும் சிரித்தேன், எண்ணெயும் மயிருமான கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு.

"பொங்கலுக்கெண்டாலும் வீட்ட போவமா?"

"போவம்."

"சும்மா சொல்லக்கூடாது."

"சும்மா இல்லை. போவம்."

"பானை பொங்கி வழியேக்க நான்தான் வெடி கொளுத்துவன். அப்பா இல்லை. நான்."

அன்றிலிருந்து எல்லாவற்றையும் அவள் பொங்கலோடு முடிந்துவைத்தாள். ஊசி குத்தும்போது, "இது அரிசிக்கு." அடுத்த ஊசிக்கு, "இது சர்க்கரைக்கு." சத்தி எடுத்து ஓய்ந்து தலையணையில் விழும்போது, "இது வெடிக்கு." டாக்டருக்குக்கூடத் தெரியும். "பொங்கல் எப்படி?" என்றுதான் அவளைக் கேட்பார்.

மார்கழி பிறக்க முன்னர் பக்கத்துக் கட்டில் வெறுமையாயிற்று. சுமனா என் தோளில் சாய்ந்து அழுதாள். அணைத்துக்கொண்டிருந்தேன். அவளை அணைத்தபடியே எனக்குள் ஒரு மூலை, "இது எங்கட கட்டில் இல்லை," என்று மூச்சுவிட்டது. விட்ட மூச்சைத் திருப்பி எடுக்க முடியுமென்றால் எடுத்திருப்பேன். போகும்போது சுமனா தன் பானையையும் சட்டியையும் எனக்கே விட்டுவிட்டுப் போனாள்.

ஊருக்கு நான் சொன்ன பெயர் வேறு. "சோகை," என்றேன். இரத்தம் காணாதாம், ஏற்றுகிறார்கள். உண்மைப் பெயரைச் சொன்னால் தொற்றும் என்று சனம் தள்ளி நிற்கும். என்ன பாவம் செய்த குடும்பமோ என்று கேட்கும். நாளைக்கு இவள் பெரியவளாகி ஒரு கலியாணம் பேசப்போனால் அந்தப் பெயர் முந்திப்போய் அங்கே குந்தியிருக்கும். இப்படியெல்லாம் நினைத்தேன். பிள்ளை நாளை இருப்பாளோ என்று தெரியாத நேரத்தில் அவள் கலியாணத்துக்குப் பயந்தவள் நான்.

கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணனுக்கெண்டாலும் சொல்லுவம்," என்றார்.

"அவருக்குச் சொன்னால் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிஞ்சால் ஊருக்கே தெரியும்."

"எனக்கு அவரிட்ட ஒளிச்சுப் பழக்கமில்லை."

"எனக்காக ஒளியுங்கோ."

அண்ணன் என்றது கணபதியத்தானை. குடாவுக்கு அக்கரையில், சம்பூரில் கமம் செய்தவர். தகப்பனில்லாத என் கணவரை வளர்த்துப் படிக்கவைத்தவர். மனைவி நாகம்மா அக்கா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்த பிள்ளை வதனிதான்.

பொங்கலுக்குச் சற்று முந்தி மறுபடியும் இடுப்பெலும்பில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். "கெட்ட அணு கண்ணுக்குத் தெரியேல்லை," என்றார் டாக்டர். இல்லை என்று சொல்லவில்லை, தெரியவில்லை என்றுதான் சொன்னார். சில நாள் வீட்டுக்குப் போகலாம். கூட்டத்துக்குள் கொண்டுபோகக்கூடாது, கொப்புளிப்பான் அம்மை உள்ள வீட்டுப் பக்கமே போகக்கூடாது, காய்ச்சல் காய்ந்தால் அந்த நிமிசமே ஆஸ்பத்திரி. அடுத்த முறை வீட்டுக்கு விடுவீர்களா என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "இந்த முறை போங்க," என்றார்.

மாத்திரை அவள் முகத்தை ஊதவைத்திருந்தது. வீட்டுக்கு வந்து இறங்கியபோது, வேலிக்கு அப்பால் நின்றவர்கள், "அட, பிள்ளை நல்லாக் கொழுத்திட்டாள்! கொழும்புச் சாப்பாடு பிடிச்சிட்டுது!" என்றார்கள். "ஓம், சோகை மாறிட்டுது," என்றேன். தலையில் கட்டியிருந்த துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

பொங்கலுக்கு அரிசி கணபதியத்தானிடமிருந்து வந்தது. முந்தி விளைந்த ஒரு வயல் வரவையில் வெட்டி, குற்றி, சின்னச் சாக்கில் கட்டி, மூதூரிலிருந்து குடாவைக் கடந்து வரும் லோஞ்சுப் படகில் அனுப்பியிருந்தார். கொண்டுவந்து தந்தவர் காசீம் நானா. மூதூர் முஸ்லிம், அந்த லோஞ்சில் வேலை, கணபதியத்தானின் வயதுக் கூட்டாளி. றோட்டிலேயே, "வதனிக் குட்டி!" என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவார்.

பொங்கலன்று துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றதால் கணவருக்கு வேலை. பஞ்சாங்கத்தில் அந்த வருடம் பொங்கல் நேரம் வெயில் ஏறின பிறகுதான். அந்த நேரத்துக்கு வந்துவிட்டுத் திரும்புவதாகக் கேட்டுக்கொண்டு போயிருந்தார். முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, பானையில் பால் ஊற்றிவிட்டேன். வதனி புதுச் சட்டையோடு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள், மடியில் சீனவெடிக் கட்டு. படலைக்கு வெளியே, எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று நின்று வாழையிலையைக் கடித்தது.

"போ, போ! உனக்குப் பிறகு!" என்று வதனி அதை வெருட்டினாள்.

மான் விலக, அதன் பின்னால் காசீம் நானா நின்றார். சத்தம் போடாமல் வந்திருந்தார். சட்டை கடல் தெறித்து நனைந்திருந்தது. படலையைத் திறந்து, அங்கேயே நின்றார். அந்த முகத்தோடு சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தால் அதற்கு ஒரு கருத்துத்தான்.

எங்கள் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். தகப்பன்வழிச் சொந்தத்தில் சாவு விழுந்தால் வீட்டுக்குத் துடக்கு. முப்பத்தொரு நாள் கோயில் இல்லை. பொங்கல், விளக்கீடு ஒன்றும் இல்லை. ஆனால் துடக்கு, உயிர் போன நேரத்தில் தொடங்குவதில்லை. செய்தி காதில் விழுந்த நேரத்தில்தான் தொடங்கும். தெரியாமல் பொங்கினால் குற்றமில்லை. காதில் விழுந்தபின் பானையை இறக்கத்தான் வேண்டும்.

படலைக்கு ஓடினேன்.

"தங்கச்சி, தம்பி இல்லையா?"

"வேலைக்குப் போட்டார். இப்ப வந்திடுவார்."

"துறைமுகத்துக்குள்ள என்னைய விடமாட்டாங்க, பாஸ் கேப்பாங்க. அதான் இஞ்ச வந்தன். தங்கச்சி, நேத்துப் பொழுதுபட—"

"நானா! சொல்லாதேங்கோ."

"இல்ல புள்ள, இது—"

"என்னவெண்டாலும் இருக்கட்டும். பொங்கி முடியட்டும். என்ர காதில விழுந்தால் பொங்க ஏலாது. உங்களைக் கும்பிட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் துடக்கு அவர்களுக்கு இல்லை. சாவுச் செய்தியைப் பிடித்துவைப்பது அவருடைய வழக்கத்தில் பெரிய தவறாகவும் இருக்கலாம்.

"லோஞ்சு இப்பத் திரும்பிடும் தங்கச்சி. தம்பி அதுல போகணும்."

"அடுத்ததில போகட்டும்."

"கடல் நல்லால்ல. அடுத்தது ஓடுமெண்டு நான் சொல்லமாட்டன்."

"நானா, பிள்ளையைப் பாருங்கோ," என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலால் பார்த்தார். தலைத்துணி நழுவி, வெயிலில் மொட்டைத் தலை மின்ன, வதனி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவருக்கும் நான் சோகை என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் படலையைச் சாத்தினார். உள்ளே வந்து, மாமரத்தடியில் கிடந்த கதிரையில் இருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. பிள்ளைக்காக மட்டும் நான் அவரை மறிக்கவில்லை. பால் ஏறத் தொடங்கிய பானையை இடையில் இறக்கினால் வதனியின் உயிருக்கு ஏதும் வரும் என்று பயந்தேன். படித்தவள், பத்திரிகைக்கு எழுதுகிறவள், ஒரு பானைக்குப் பயந்து ஒரு சாவை மாமரத்தடியில் இருத்திவைத்தேன்.

கணவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன நானா, பொங்கல் மணம் மூதூர் மட்டும் அடிச்சதோ?"

காசீம் நானா என்னைப் பார்த்தார்.

"நான்தான் வரச்சொன்னனான்," என்றேன்.

"நல்லதாப் போச்சு!" கணவருக்கு முகம் மலர்ந்தது. கிணற்றடியில் கை கால் கழுவி, வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. "அண்ணன்ர அரிசி, பாரும் என்ன வெள்ளை!" இரண்டு கையும் நிறைய அள்ளி, பானையை மூன்று தரம் சுற்றி, முதற்பிடியைப் போட்டார்.

செத்தவரைத் தூக்க முந்தி உரித்துக்காரர் ஒவ்வொருவரும் வாயில் ஒரு பிடி அரிசி போடுவது எங்கள் முறை. வாய்க்கரிசி. தம்பிதான் முதலில் போட வேண்டும். அந்தக் கையும் இந்தக் கையும் ஒன்று; அரிசியும் ஒன்று. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் நெருப்பைத் தள்ளிவிட்டேன்.

பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" வதனி வெடியைக் கொளுத்தி எறிந்தாள். மான் பாய்ந்தோடியது. காசீம் நானா கதிரையில் துள்ளினார்.

"நானா பயந்திட்டார்! அப்பா, நானா பயந்திட்டார்!"

"ஓம் மகள், பயந்துதான் போனன்."

அவள் சிரித்துச் சிரித்து என் வயிற்றில் முட்டினாள். அந்தக் கணத்தில் நான் சந்தோசமாக இருந்தேன். சொல்ல வெட்கப்படுவது அதற்குத்தான். நடித்தேன் என்றால் ஒருவேளை பொறுக்கலாம். நான் நடிக்கவில்லை. முற்றம், புகை, பிள்ளையின் சிரிப்பு எல்லாம் முழுதாக எனக்குக் கிடைத்தன, முழுதாக எடுத்துக்கொண்டேன்.

சூரியனுக்குப் படைத்தோம். வதனி ஒரு கோப்பையைத் தனியாக நானாவிடம் கொண்டுபோனாள். "இது சாமிக்கு வைக்க முந்தி எடுத்தது நானா. நீங்கள் சாப்பிடலாம்." அவர் ஒரு வாய் வைத்தார். விழுங்க நேரமெடுத்தது.

"ஏன் அழுகிறீங்கள்?"

"புகை மகள். அடுப்புப் புகை."

பிறகுதான் கணவரிடம், "நானா உங்களோட ஏதோ கதைக்க வந்தவர்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். அப்போதும் என் காதில் விழவேண்டாம் என்று அகப்பையைச் சட்டியில் தட்டிக்கொண்டிருந்தேன். கணவர் வாசலில் வந்து நின்றார்.

"நானா எப்ப வந்தவர்?"

"நீங்கள் வர முந்தி."

"அப்ப உமக்குத் தெரியும்."

அவ்வளவுதான் கேட்டார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டினார்.

முதல் லோஞ்சு போய்விட்டிருந்தது. வாடைக் காற்றுக்குக் கடல் எழும்பி, அடுத்தது ஓடவில்லை. தரைவழியால், ஒவ்வொரு துறையிலும் பாதை என்கிற மிதவையில் ஏறி இறங்கி அவர் சம்பூருக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. கணபதியத்தானுக்கு நெஞ்சடைப்பு, வரம்பில் விழுந்தவர் எழும்பவில்லை. நாகம்மா அக்கா வாய்க்கரிசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி வரட்டும், தம்பி வரட்டும்," என்று பொழுது சாயும்வரை ஒருவரையும் தொடவிடாமல் இருந்தாராம். கடைசியில் ஊரவர்கள் வாங்கிப் போட்டுத் தூக்கினார்கள். "சொல்லியனுப்பியாச்சு. அங்க பொங்குகினமாக்கும்," என்று யாரோ சொன்னார்களாம். இவர் போனபோது நெருப்பு மட்டும்தான் இருந்தது.

மிச்சப் பொங்கலை மாட்டுக்குக் கொட்டினேன். வதனி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"பெரியப்பா செத்திட்டார் எண்டுதானே கொட்டுறீங்கள்?"

"ஓம்."

"நானா அதைத்தானே சொல்ல வந்தவர்? நான் பொங்கல் பொங்கல் எண்டு கேட்டபடியால்தானே அப்பா பிந்தினவர்?"

"இல்லை. நான் ஆசைப்பட்டபடியால்."

அவள் நம்பினாளோ தெரியாது. வெடிக்கட்டில் மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

கணவர் திரும்பி வந்து என்னை ஏசவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், எங்களை ரயிலேற்றிவிட்டார். சாப்பிட முந்திக் கை கழுவும்போது மட்டும் வழக்கத்தைவிடக் கூட நேரம் கழுவினார்.

வார்ட்டில் மறுபடியும் ஊசிகள் தொடங்கின. வதனி இப்போது ஒன்றுக்கும் ஒரு பெயர் வைக்கவில்லை. சும்மா கையை நீட்டினாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை ஒரு காலையில் நான் பைப்படியில் கோப்பை கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது, வார்ட் வாசலில் கணவர் நின்றார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையோடு நாகம்மா அக்கா. தாலி அறுத்தவள் ஒரு வருடத்துக்குப் படலை தாண்டக்கூடாது என்று ஊரில் மறித்திருப்பார்கள். அதையும் மீறி வந்திருந்தார். நான் முன்னே போகவில்லை. கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன்.

"பெரியம்மா!"

"என்ன மோனை, முகம் பூசணிக்காய் மாதிரி?"

"குளிசை பெரியம்மா. தலையைப் பாருங்கோ, தேங்காய்."

"ரெண்டும் கறிச்சாமான்தான்." கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினார். கட்டில் கட்டிலாக வார்ட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"பெரியப்பான்ர அரிசியிலதான் பொங்கினது. என்னோட கோவமோ?"

"உன்னோட எனக்கென்ன கோவம்? எந்தப் பக்கத்தால வழிஞ்சது?"

"கிழக்கால."

"அது நல்லம்."

நேர்ஸ் வந்து கூப்பிட்டாள். முதுகு ஊசி. பிடிக்க ஒருவர் வேண்டும். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"பெரியம்மா வரட்டும்," என்றாள் வதனி. "அம்மா நடுங்கிறா. பிறகு எனக்கும் நடுங்குது."

கதவு சாத்தியது. நான் வெளியில் நின்றேன். உள்ளே அக்காவின் குரல் மட்டும், "அசையாதை ராசாத்தி, அசையாதை, முடிஞ்சுது, முடிஞ்சுது," என்று, சம்பூர் வயலில் மிரண்ட மாட்டை அமர்த்துகிற குரல். கடைசியில் ஒரு அலறல், பிறகு ஒன்றுமில்லை.

அக்கா வெளியே வந்தார். வளையல் இல்லாத மணிக்கட்டில் வதனியின் நகம் பதிந்து சிவந்திருந்தது. வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"சோகை எண்டு சொன்னனீ."

"ஓம் அக்கா."

"இஞ்ச கிடக்கிற அவ்வளவு பிள்ளையளுக்கும் சோகையோ?"

துடைத்த கையைத் திரும்பவும் சேலையில் துடைத்தேன்.

"சிவராசா அந்தியேட்டியிலதான் எனக்குச் சொன்னவன். காசீமை நீ மறிச்சது எனக்குப் பெரிசில்லை. அந்த மனுசனுக்கு முதலே தெரிஞ்சிருந்தால், 'நான் செத்தாலும் அங்க சொல்லாதேங்கோ, பிள்ளை பொங்கட்டும்' எண்டு அவரே சொல்லிப்போட்டுப் போயிருப்பார். அவரை அதைச் சொல்ல விடேல்லை நீ."

குனிந்திருந்தேன். நிலத்தில் யாரோ பிள்ளை போட்ட ரொபி மிட்டாய்த் தாள் கிடந்தது.

"நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன் எண்டு நான் சொல்லுவன் எண்டு பார்த்துக்கொண்டிராதை. சொல்லமாட்டன்."

"அக்கா—"

"கதையாதை. ரயிலில வந்த களைப்பு. தின்ன ஏதும் வைச்சிருக்கிறியோ?"

விடிய அவித்த இடியப்பமும் சம்பலும் பாத்திரத்தில் இருந்தன. கோபம் உள்ளவர் வீட்டில் எங்கள் பக்கத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அவர் சாப்பிட்டார். மன்னிப்பு என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பசி என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு இடியப்பம் முடிந்து மூன்றாவதைப் பிய்த்தவர் நிறுத்தினார்.

"சம்பலுக்கு உப்புக் காணாது," என்றார்.

உப்பு, றோட்டுக்கு அந்தப் பக்கம், அறையில் இருந்தது. செருப்பையும் போடாமல் ஓடினேன்.